கூடத்துக்கு எது நிற்கும்? மாமியார் தேக்கு என்கிறார், கடைக்காரர் ரெக்சின் சோபா என்கிறார்

12 மே 2018, ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒரு வாசகி

ஐந்தாம் மாடியில் சொந்த வீடு வாங்கிக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. 12½ அடி அகலம், 50 அடி நீளம், ரங்கூனில் எல்லார் வீடும் மாதிரிதான். கூடத்தில் இன்னும் பாய்தான் விரித்திருக்கிறோம். நான், அவர், ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பையன்கள், 68 வயதில் மாமியார். மாமியாருக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கடையில் எல் வடிவ ரெக்சின் சோபா காட்டுகிறார்கள். மெத்து மெத்தென்று இருக்கிறது, துடைத்தால் போதும், பத்து வருடம் வரும் என்கிறார்கள். மாமியாரோ தேக்கைத் தவிர எதுவும் வாசல்படி தாண்டக்கூடாது என்கிறார். தேக்கு நாற்காலியெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரி, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு சோபாதான் வசதி என்பது என் கட்சி. அக்கா, உங்கள் அப்பா தச்சுவேலை செய்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொல்லுங்கள், எது நிற்கும்?

12 மே, இரவு

உங்கள் மாமியார் பக்கம்தான் நான். தேக்கு வாங்குங்கள். சோபாவுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கரண்ட் போய்விட்டது, காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

14 மே

நாளைக்கு என்றது இரண்டு நாளாகிவிட்டது.

2011ல் நாங்களும் ஒரு ரெக்சின் சோபா வாங்கினோம். கறுப்பு நிறம், மூன்று பேர் உட்காரலாம். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மேகத்தின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மழையில் கைப்பிடியில், நாம் உள்ளங்கை வைக்கும் இடத்தில், மயிர்க்கோடு மாதிரி விரிசல். மூன்றாவது மழையில் உரிய ஆரம்பித்தது. மகள் பள்ளிவிட்டு வந்து உட்கார்ந்து எழுந்தால் முழங்காலுக்குப் பின்னால் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும், தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பெருக்கினால் முறத்தில் எள் கொட்டினது போல் இருக்கும். கடைக்காரரிடம் போனதற்கு நீங்கள் வெயிலில் வைத்திருப்பீர்கள் என்றார். எங்கள் கூடத்தில் வெயில் விழவே விழாது.

காரணம் வெயில் இல்லை. மெத்தென்று தோல்போல் இருக்கும் இந்த வகை, துணியின்மேல் பாலியூரித்தேன் பூசியது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சுக்கு ஆகாது. காற்றில் இருக்கும் நீரே அதை உள்ளிருந்து அறுத்துவிடும், நாம் தொடாமல் வைத்திருந்தாலும். ரங்கூனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை, வருடத்துக்கு 2,600 மில்லிமீட்டருக்கு மேல். குளிர் நாட்டில் பத்து வருடம் இருக்கும் பூச்சு இங்கே மூன்று மழை தாங்கியதே பெரிது.

அதைத் தூக்கிப்போடும் நாளில் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்துப் பார்த்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் வாங்கும் முன்னாலேயே இதைச் செய்திருப்பார். உள்ளே பலகைப் பெட்டி மரத்துண்டுகள். ஒரு மூலையில்கூட சட்டங்களை இறுக்கிப் பிடிக்கும் மூலைக்கட்டை இல்லை, எல்லாம் ஸ்டேப்ளர் பின் அடித்த மூட்டு. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் நாலு நாடா, அதில் இரண்டு அறுந்து தொங்கியது. ஸ்பாஞ்சுப் பஞ்சைக் கையால் அமுக்கினால் அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது.

அதனால்தான் தேக்கு என்கிறேன்.

15 மே

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ரெக்சின் எல்லாமே உரியும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன், அது சரியில்லை. பஸ் சீட்டுக்குப் போடும் பழைய வகை பி.வி.சி. அது இப்படிச் செதில் செதிலாக உரியாது. நாளாக நாளாக விறைத்து, மடிப்பில் வெடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஏப்ரல் இரவில் கரண்ட் போனபிறகு அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். முதுகுத்துணி ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி நின்றால் நமக்கு வேண்டியது காற்றுப் புகும் ஆசனம். இதை உங்கள் கணக்கில் முதல் வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

20 மே

“எந்த அளவு வாங்குவது?” என்று தாம்வே தங்கச்சி கேட்டிருக்கிறார். கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவோடு மூன்று இடத்துக்குப் போங்கள்.

முதலில் படிக்கட்டு. ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. படி திரும்பும் இடத்தின் அகலம், உயரம், கைப்பிடிக் கம்பி எவ்வளவு உள்ளே நீட்டியிருக்கிறது என்பது. கடையில் சின்னதாகத் தெரியும் சோபா படிதிருப்பத்தில் யானையாகிவிடும்.

இரண்டாவது, கூடத்தின் குறுக்களவு. 12½ அடியில் சுவர்க்கனம் போக உள்ளே 12 அடிகூட இராது. எல் வடிவம் போட்டால் அதன் ஒரு கை உங்கள் நடைபாதையை அடைக்கும். அந்த நீள வீட்டில் முன்பக்க பால்கனியிலிருந்து பின்பக்கச் சமையலறைக்குக் காற்று போவதே கூடத்தின் வழியாகத்தான். ஆள் உயரத்துக்குக் கீழே அடைத்தால் காற்றும் நிற்கும்.

மூன்றாவது மாமியாரின் முழங்கால். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அவரை ஒரு ஸ்டூலில் பாதம் தரையில் படும்படி உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். 16 அங்குலம் வந்தால், அவர் உட்கார்ந்து அமுங்கிய பிறகும் ஆசனம் 16க்குக் குறையக்கூடாது, ஒன்று இரண்டு அங்குலம் கூடினால் இன்னும் நல்லது. கடையில் 17 என்று காட்டும் சோபா ஆள் உட்கார்ந்ததும் 13க்குப் போய்விடும். எங்கள் பழைய சோபாவிலிருந்து என் மாமியார் எழுவதை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கையால் கைப்பிடியைப் பிடிப்பார், அது வழுக்கும். முன்னால் சாய்ந்து ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை உந்தி, “முருகா” என்று எழுவார். வந்தவர்கள் முன்னால் அப்படி எழ வெட்கப்பட்டு, விருந்தினர் வந்தாலே உள்ளறைக்குள் போய்விட ஆரம்பித்தார். ஒரு நாற்காலி பெரியவர்களைக் கூடத்திலிருந்து துரத்திவிட முடியும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆழமும் பாருங்கள். முதுகு சாய்மானத்தில் படும்படி உட்கார்ந்தால், ஆசன விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி ஆசனத்தின் முன்விளிம்பு வரை வரவேண்டும், பாதியில் நின்றால் எழும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. இந்த அளவெல்லாம் சரியாக இருந்தால் கட்டைநாற்காலிகூட சுகமாக இருக்கும்.

3 ஜூன்

மோல்மேனிலிருந்து ஒரு அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார். தேக்கு தேக்கு என்று சொல்லி ஏழை எளியவர்களைப் பயமுறுத்தாதீர்கள், எங்கள் பக்கம் ரப்பர்மரத்தில் நல்ல நாற்காலி செய்கிறார்கள், என் வீட்டில் எட்டு வருடமாக இருக்கிறது என்கிறார். அவர் சொன்ன பிறகு யோசித்தேன். 12ம் தேதி இரவு நான் எழுதிய பதில் அவசரப் பதில்தான்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். 2015ல் சோபாவுக்குப் பதிலாகத் தேக்கு பெஞ்சும் இரண்டு நாற்காலியும் வாங்கினேன், பளபளவென்று ஒரே கபில நிறம். ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் பெருக்கும்போது பின்கால் அருகே சின்னக் குவியல். அரிசிமாவு என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் மாவைவிட நைசு, விரலிடுக்கில் பட்டுப்போல் வழிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். குண்டூசி குத்தியதுபோல் ஏழெட்டு ஓட்டை. உளுப்பு.

தேக்கில் பூச்சி வருமா என்று நான் திகைத்து நின்றபோது வயதான ஆசாரி ஒருவர் வந்து, ஓட்டை இருந்த இடத்தில் உளியால் ஒரு சீவல் சீவிக் காட்டினார். சாயத்துக்குக் கீழே வெளுத்த மரம். வைரம் பாய்ந்த நடுமரம் இல்லை, வெள்ளை. அதாவது பட்டைக்கு அடுத்திருக்கும் இளமரம். அதில் மாவுச்சத்து இருக்கிறது, பூச்சியின் புழு அதைத்தான் தின்கிறது. தேக்கின் வைரத்தில் எண்ணெய் உண்டு, கசப்பும் உண்டு, அதைத் தொடாது. இளந்தேக்கை வெட்டினால் வைரம் கொஞ்சம், வெள்ளை நிறைய. கடையில் இரண்டையும் கலந்து செய்து, கபிலச் சாயம் பூசி ஒரே நிறமாக்கிவிடுகிறார்கள். தேக்குதானே என்றால் தேக்குதான், பொய் சொல்லவில்லை.

தச்சன் மகள் நான் சாயத்துக்குள் பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்பதை இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது. அந்தக் காசு என் கணவர் ஒரு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது.

4 ஜூன்

சேர்த்துச் சொல்ல மறந்தது: கரையான் வேறு, உளுப்பு வேறு. கரையான் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு தரையிலிருந்து ஏறும், ஈரம் வேண்டும். உளுப்பு காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். கடையிலேயே நாற்காலியை வெள்ளைத்தாள்மேல் வைத்து நாலு பக்கமும் தட்டுங்கள். தாளில் மாவு விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

5 ஜூன்

மோல்மேன் அண்ணனுக்கு: ரப்பர்மரம் முழுக்கவே மாவுச்சத்துதான், நம் தேக்கின் வெள்ளைக்குச் சமம். 25, 30 வருடம் பால் எடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அறுத்த சூட்டோடு போராக்ஸ் மருந்தில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எட்டு வருடம் இருக்கிறது என்றால் செய்தவர்கள் அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். மருந்துபோட்ட ரப்பர்மரம், வெள்ளை கலந்த தேக்கைவிட நல்லது. இதை ஒத்துக்கொள்கிறேன். தரை துடைக்கும் தண்ணீர் மட்டும் காலில் ஏறவிடாதீர்கள், அது ஈரம் தாங்காது.

24 ஜூன்

“அப்படியானால் மரத்தின் பெயரைக் கேட்டு என்ன பயன்?” என்று தாம்வே தங்கச்சி கேட்கிறார். நல்ல கேள்வி. மூன்று வாரமாக மழைச் சத்தத்தில் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயரால் கொஞ்சம் பயன் உண்டு. இங்கே கிடைக்கும் பிடௌக், நம் ஊர் வேங்கையின் நெருங்கிய சொந்தம். சிவந்த மரம், தேக்கைவிடக் கனம், நாற்காலிக்கு மிக நன்றாக நிற்கும். திஞ்ஞான் என்கிற பர்மியப் புத்தாண்டுக்கு மஞ்சளாகப் பூத்து ஊரையே மணக்கவைப்பது அதே மரம்தான். பியின்கடோ என்பது தமிழில் இருள்மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கும். பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் அடியில் போடும் மரத்தில் நாற்காலி செய்தால் பெருக்கும்போது யார் நகர்த்துவது? ஐந்தாம் மாடிக்கு அது வேண்டாம். மரக்கடையில் டன் கணக்கில் பேசுவார்கள், மிரளாதீர்கள். அது எடை இல்லை, 50 கன அடிதான் ஒரு டன்.

ஆனால் நாற்காலி உடைவது மரத்தில் இல்லை. மூட்டில். அப்பா பட்டறையில் பழுதுக்கு வந்த நாற்காலிகளை நான் சின்ன வயதில் எண்ணிப் பார்ப்பேன். நடுவில் முறிந்த கால் எப்போதாவது ஒன்று. மற்றதெல்லாம் பின்காலும் ஆசனச் சட்டமும் சேரும் இடத்தில் ஆடுவதுதான். நாம் சாயும்போதெல்லாம் பாரம் வந்து விழுவது அங்கேதான்.

அப்பா துளையும் கழுந்தும்தான் போடுவார், அதாவது ஒரு கட்டையின் நுனியை நாக்குபோல் செதுக்கி மற்றக் கட்டையின் துளைக்குள் செருகுவது. கழுந்தைத் துளைக்குள் கையால் அழுத்தி, கடைசிக் கால் அங்குலத்துக்கு மட்டும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டவேண்டும் என்பார். முழுக்கக் கையால் போனால் தொளதொளப்பு, முழுக்கத் தட்டவேண்டி வந்தால் மரம் பிளக்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. அதனால் பசை வைக்கும் நொடிக்கு முன்னால் கழுந்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பார், துணி மஞ்சளாகிவிடும். பிறகு குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. அந்தப் பட்டறையில் பழைய தோல்செருப்பு மாதிரி ஒரு வாசனை இருக்கும், தேக்குத் தூளின் வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுவேன். தேக்கில் மணல்சத்து இருக்கிறது, உளி சீக்கிரம் மழுங்கும். சாயந்தரம் முழுக்க அப்பா சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டே இருப்பார், நான் தண்ணீர் தெளிப்பேன்.

ஆகவே கடையில் நாற்காலியைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பின்காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணித்தலை தெரிகிறதா, மூலைக்கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சாயம் எட்டாத அடிப்பக்கத்தில் வெள்ளை எவ்வளவு என்பதும் அங்கேதான் தெரியும். பிறகு நிமிர்த்தி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்குங்கள். முனகக்கூடாது.

15 ஜூலை

இன்று நாற்காலி வாங்கும் விஷயம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்மியர்கள் நாற்காலியை “கலாதைங்” என்கிறார்கள். தினம் பத்துமுறை கேட்கிறோம், நானும் சொல்கிறேன். கலா என்றால் மேற்கிலிருந்து வந்தவன், நம்மைச் சொல்லும் சொல். தைங் என்றால் உட்கார். பாயில் உட்கார்ந்த நாட்டுக்கு நாற்காலி வெளியிலிருந்து வந்தவர்களோடு வந்தது என்று அந்தச் சொல்லே சாட்சி சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் அந்த முதல் பாதியை என்னைப் பார்த்துச் சொல்லும்போது அழுதிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் இழைத்துக்கொண்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு என்னைத் தூக்கி அதில் உட்காரவைத்தார், ஒன்றும் பேசவில்லை.

தேக்கைப் பற்றியும் ஒன்று. முன்பெல்லாம் காட்டில் மரத்தை உடனே வெட்டமாட்டார்கள். அடியில் பட்டையையும் வெள்ளையையும் சுற்றி வளையமாக வெட்டிவிட்டு இரண்டு மூன்று வருடம் நிற்கவிடுவார்கள். நின்றபடியே செத்துக் காயும். பச்சைத் தேக்கு ஆற்றில் மூழ்கும், காய்ந்த தேக்கு மிதக்கும், ஆற்றோடு மிதக்கவிட்டுக் கொண்டுவரத்தான் அப்படி. அந்த மரத்துக்காகத்தான் 1885ல் பம்பாய் பர்மா கம்பெனியோடு தகராறு பெரிதாகி, ஆங்கிலேயர் படையெடுத்து, தீபோ மன்னரை ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களில் பலவும் இங்கிருந்து கப்பலில் போனவை. 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. நிறுத்தியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு மரம் நம் வீட்டுக்கு வர இவ்வளவு நடந்திருக்கும்போது ஐந்து வருடத்தில் தெருவில் போடுகிற மாதிரி ஒரு நாற்காலி செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

9 ஆகஸ்ட்

மழை உச்சத்தில் இருக்கிறது. இன்று காலையில் குஷனைத் திருப்பினால் அடியில் பச்சையாகப் புள்ளி. பூஞ்சை. உறையைக் கழற்றி வெந்நீரில் போட்டேன், பஞ்சை வினிகர் தொட்ட துணியால் துடைத்து மின்விசிறிக்கு எதிரே நிறுத்தியிருக்கிறேன்.

ஆசனத்தோடு சேர்த்துத் தைத்த மெத்தை இந்த ஊருக்கு ஆகாது, தனிக் குஷன்தான் வேண்டும். உறைக்கு ஜிப், இரண்டு ஜோடி. பருத்தித்துணி. அடியில் அடைப்பலகை இல்லாமல் சட்டமோ பிரம்புப் பின்னலோ இருந்தால் கீழிருந்து காற்று போகும். எங்களுடையது பலகை, அதனால்தான் பூஞ்சை.

குஷனுக்கு ஸ்பாஞ்சுப் பஞ்சு வாங்கும்போது அமுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். கெட்டியாக இருப்பதும் அடர்த்தியாக இருப்பதும் ஒன்றில்லை. மட்டமான பஞ்சைக்கூடக் கெட்டியாகச் செய்வார்கள், ஆறு மாதத்தில் குழி விழும். அடர்த்தியை எடையில்தான் பார்க்கமுடியும். கன மீட்டருக்கு 28 கிலோவுக்குக் கீழே உட்காரும் குஷனுக்கு வேண்டாம். 60 சென்டிமீட்டர் சதுரம், 10 தடிமன் என்றால் ஒரு குஷன் ஒரு கிலோ இருக்கவேண்டும். நம் கடைத்தெருத் தராசில் அரை வீசையும் அதற்குமேல் கொஞ்சமும். மீன்காரம்மா தராசில் வைத்துப் பார்த்தே நான் வாங்கினேன், அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இலவம்பஞ்சு கேட்டவருக்கு: தலையணைக்கு நல்லது, முதுகுக்கு வைக்கலாம். உட்காரப் போட்டால் கட்டிபிடிக்கும், மாசாமாசம் வெயிலில் அடிக்கவேண்டும். ஆகஸ்டில் வெயிலுக்கு எங்கே போவது.

7 நவம்பர்

நேற்று தீபாவளி. வீட்டுக்கு 17 பேர். பெஞ்சில் மூன்று பேர், நாற்காலியில் பெரியவர்கள் இரண்டு பேர், மீதிப் பேர் பாயில். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள், அதிகம் சிரித்தார்கள். மாமியார் உயர நாற்காலியில் நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் அதிரசம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளறைக்குப் போகவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மே மாதம் நான் எழுதியதில் ஒரு குறை தெரிந்தது. எதை வாங்குவது என்று மட்டும் பேசினோம், எவ்வளவு வாங்குவது என்று பேசவே இல்லை. தங்கச்சி, உங்கள் கூடத்தில் பாய் விரித்திருப்பதை ஏதோ குறைபோல எழுதியிருந்தீர்கள். அது குறை இல்லை. ஒரு நீள ஆசனம், மாமியாருக்கு அளவெடுத்து ஒரு நாற்காலி, வருபவருக்கு இன்னொன்று. அதோடு நிறுத்துங்கள். மீதித் தரை பையன்களுக்கு. பந்தனோ ஊரிலிருந்து வரும் தின்பியூ பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள், குளிர்ச்சி, வழவழப்பு, சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம்.

20 ஜனவரி 2019

தாம்வே தங்கச்சியிடமிருந்து செய்தி. புதிதாக வாங்கவில்லை! வீடு மாற்றிக்கொண்டு போகும் ஒரு குடும்பத்திடமிருந்து பழைய தேக்கு பெஞ்சும் இரண்டு நாற்காலியும், பிரம்புப் பின்னல் ஆசனம். கவிழ்த்துப் பார்த்தாராம், முறுக்கிப் பார்த்தாராம், தாள் விரித்துத் தட்டினாராம். விற்றவர்கள் வீட்டுப் பாட்டியம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ தச்சன் வீட்டுப் பெண்ணா?” என்று கேட்டாராம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெஞ்சு 6 அடி 2 அங்குலம். படிக்கட்டு முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. பால்கனியிலிருந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள், விடியற்காலையில், தெருவில் வண்டி வருவதற்கு முன். நாமெல்லாம் பேப்பரும் காய்கறியும் மேலே எடுக்கக் கிளிப் மாட்டிய கயிறு தொங்கவிட்டிருப்போமே, அந்தக் கயிறுகளையெல்லாம் நாலு மாடிக்காரர்களும் எழுந்து சுருட்டிக்கொண்டார்களாம். மேலே நாலு பேர், கீழே இரண்டு பேர், பெஞ்சைச் சுற்றிப் பழைய கம்பளி. மூன்றாம் மாடி பால்கனிக் கம்பியில் ஒருமுறை இடித்தது, ஒரு விரல் அகலத்துக்கு வடு. அது இருக்கட்டும், சீவிவிடாதீர்கள்.

மாமியார் நாற்காலி 15 அங்குலம்தான் இருந்ததாம், பழைய நாற்காலிகள் சில தாழ்வாகத்தான் இருக்கும். 2½ அங்குலக் குஷன் போடுங்கள், அமுங்கினதுபோக 16½ நிற்கும். கட்டை வைத்துக் காலை உயர்த்துவது இரண்டாவது வழி. குஷனால் சரிவராவிட்டால் மட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

30 மார்ச்

வெயில் கொளுத்துகிறது, கரண்ட் முறைவைத்துப் போகிறது. மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: மழைக்காலத்தில் கெட்டியாக இருந்த நாற்காலி இப்போது ஆடுகிறது, ஆணி அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். மழையில் ஊதிய மரம் இப்போது காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். லேசான ஆட்டம் என்றால் ஜூன் வந்தால் தானே சரியாகும். ஜூனுக்குப் பிறகும் ஆடினால் மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை வைக்கவேண்டும். ஆணி அடித்த மூட்டை யாராலும் கழற்ற முடியாது. கழற்றினால் கழுந்து பிளந்துகொண்டு வரும். அப்பா பட்டறையில் தலைமுறை கண்ட நாற்காலிகளெல்லாம் ஒருமுறையாவது கழற்றிப் பூட்டியவைதான். இன்றைக்கு யாராவது என்னிடம் எது நிற்கும் என்று கேட்டால் தேக்கு என்று சொல்லமாட்டேன். கழற்ற முடிந்தது நிற்கும் என்பேன்.

தங்கச்சி வீட்டுப் பிரம்புப் பின்னல் தொய்ந்துவிட்டதாம், பையன்கள் குதித்தார்களாம். அறுந்திருக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில், மெருகு இல்லாத பக்கம், வெந்நீர் நனைத்த துண்டைப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். நன்றாக ஊறவேண்டும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, யாரும் உட்காராமல் ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். காயும்போது இழுத்துக்கொள்ளும். விரலால் சுண்டினால் உறுமி மாதிரி சத்தம் வரும். இந்த வெயிலில் பிரம்பு உலர்ந்து முறியும், அதனால் மே முடியும்வரை வாரத்துக்கு ஒருநாள் ஈரத்துணியால் அடியில் துடையுங்கள்.

31 மார்ச்

நேற்று ஒன்று விட்டுவிட்டேன். மரச்சட்டத்தின் மூட்டில் வெந்நீர் படக்கூடாது, பசை இளகும். பின்னலில் மட்டும்.

2 மே

இழுத்துக்கொண்டதாம். மாமியார் உட்காருவதற்கு முன்னால் சின்னவன் போய் சுண்டிப் பார்க்கிறானாம், சத்தம் வந்தால்தான் பாட்டியை உட்காரவிடுகிறானாம்.

இன்னும் இரண்டு வாரத்தில் மழை. எட்டுக் கால்... இல்லை, பெஞ்சையும் சேர்த்து பன்னிரண்டு கால். ஒவ்வொன்றுக்கும் அடியில் பழைய டயர் ரப்பரில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டுங்கள், பால்கனியிலிருந்து சாரல் அடித்துத் தரை நனையும்போது காலின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சாது. பெஞ்சைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.